வேடிக்கை பார்ப்பது வீணா?

மாசி பிறந்து சில நாள்கள் கழிந்ததும் புங்கமரம் தன் பழைய இலைகளை உதிர்க்கத் தொடங்குகிறது. பங்குனி முடியுமுன் அதே மரம் எண்ணெய் பூசினாற்போன்ற இளந்தளிர்களால் தன்னை மூடிக்கொள்கிறது. இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் அம்மரத்தின் கீழே நாம் எத்தனையோ முறை நடந்து சென்றிருப்போம். பேருந்துக்காகக் காத்து நின்றிருப்போம். வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போயிருப்போம். ஆனால் கிளைகள் எந்நாளில் வெறுமையாயின, முதல் தளிர் எந்நாளில் வெளிப்பட்டது என்று யாரேனும் வினவினால் விடை கூற வல்லவர் நம்மிடையே மிகச் சிலரே. விடை தெரியாதது மட்டுமன்று, வினாவே நமக்கு வியப்பளிக்கிறது. “இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?” என்று திருப்பிக் கேட்கிறோம்.

அந்த எதிர்க்கேள்வியைத்தான் இங்கே சற்று ஆராய விழைகிறோம். அது எளிதில் ஒதுக்கிவிடத்தக்க கேள்வியன்று. செய்து முடிக்கவேண்டிய கடமைகள் மலைபோல் குவிந்திருக்க, துன்புறுவோர் நம் தெருவிலேயே இருக்க, ஒருவர் மாலை நேரத்தில் கண்மாய்க் கரையில் அமர்ந்து நாரையைப் பார்த்துக்கொண்டிருப்பது முறையா? அதில் அவர் அடையும் மகிழ்ச்சி யாருக்கும் உரியதைப் பறித்த மகிழ்ச்சி அன்று. ஆயினும் யாருக்கேனும் பயன்பட்ட மகிழ்ச்சியா?

நம் பேச்சுவழக்கு இக்கேள்விக்கு முன்னரே தீர்ப்பு எழுதிவிட்டது. ‘வேலைவெட்டி இல்லாதவன்’ என்பது நம் ஊர்களில் வசைமொழி. ‘வேடிக்கை பார்க்காதே’ என்பது பள்ளிச் சிறுவனுக்கு நாம் நாள்தோறும் வழங்கும் அறிவுரை. இவ்வகைச் செயல்களுக்கெல்லாம் பொதுப்பெயராக நாம் வைத்திருக்கும் சொல்லோ ‘பொழுதுபோக்கு’. பொழுதைப் போக்குவது, அதாவது எப்படியாவது அதைத் தள்ளிக் கழிப்பது! பொழுது என்பது ஒரு சுமை, அதை இறக்கி வைக்க ஒரு கருவி வேண்டும் என்ற எண்ணமே இச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

ஆனால் ‘பொழுது’ என்னும் சொல்லுக்கு இதனினும் பழைய, பெருமிதமான வாழ்வொன்று உண்டு. தொல்காப்பியம் காலத்தைப் பெரும்பொழுது, சிறுபொழுது என வகுக்கிறது. ஆண்டின் பருவங்கள் பெரும்பொழுது. நாளின் கூறுகள் சிறுபொழுது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பருவத்திற்குத் தனித்தனிப் பெயர் சூட்டிய மக்கள், பொழுதைப் போக்கியவர்கள் அல்லர், பார்த்தவர்கள். மாலைக்கும் யாமத்துக்கும் வைகறைக்கும் உள்ள வேறுபாட்டை வேலைவெட்டி இல்லாதவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல நமக்குத் துணிவு வருமா?

இலக்கண நூலார் கணக்கின்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியுமே இளவேனில். மரங்களோ அந்தக் கணக்குக்குக் காத்திருப்பதில்லை. அதிகாலையில் மெல்லிய பனி இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போதே அவற்றின் வேனில் தொடங்கிவிடுகிறது. மேலைநாட்டு வசந்தம் உறைபனி உருகியபின் வருவது. ஆகவே அங்கே அதைக் காணாதிருப்பது கடினம். நம் வசந்தமோ வெயில் ஏறிக்கொண்டே போகும் நாள்களில், புழுதிக்கும் பள்ளித் தேர்வுக்கும் நடுவே, ஓசையின்றி வருவது. தேடிப் பார்ப்பவர் கண்ணுக்கே அது அகப்படும்.

நீர் குறையும் காலத்தில் மரம் இலையை உதிர்ப்பது அறிவுடைய செயலே. இலைகள்வழி நீர் ஆவியாகிப் போகாமல் அது காத்துக்கொள்கிறது. ஆனால் மழைக்கு இன்னும் பல வாரங்கள் இருக்க, கோடை தன் முழு வீச்சை எட்டாதிருக்க, அது ஏன் தளிர்க்கிறது? ஆழ வேரோடிய மரங்களுக்கு நிலத்தடியில் எஞ்சிய ஈரமும் தண்டில் சேர்த்து வைத்த நீரும் கைகொடுக்கின்றன. மழை வந்து சேரும்போது இலைகள் முற்றி, உணவு சமைக்க ஆயத்தமாய் இருக்கும் என்று தாவரவியலார் விளக்குவர். அரசு, மா, வேம்பு ஆகியவற்றின் தளிர்கள் முதலில் செம்பு நிறத்தில் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. பச்சையம் நிரம்பாத இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் அச்செந்நிறப் பொருள் ஓரளவு காக்கிறது என்பர். காரணம் அறிந்தபின் அழகு குறைந்துவிடுகிறதா என்ன? காலைக் கதிரவன் பின்னிருந்து ஒளிரும்போது அரசந்தளிரை ஒருமுறை பார்த்தவர் அவ்வாறு சொல்லமாட்டார்.

வேலியோரத்துக் கல்யாண முருங்கையைப் பாருங்கள். முள்முருங்கை என்றும் சொல்வோம். ஓர் இலையும் இல்லாத கிளைகளின் நுனியில் குருதிச் சிவப்பாய்ப் பூங்கொத்துகள். அம்மரம் ஏறத்தாழ ஓர் உணவு விடுதி. மைனாவும் காகமும் கரிச்சானும் தேன்சிட்டும் விடியற்காலையிலேயே அங்கே கூடிச் சண்டையிடும். சில ஆண்டுகளில், உடல் இளஞ்சிவப்பும் தலை கருமையுமான ஒரு விருந்தாளிக் கூட்டமும் வந்திறங்கும். சூறைக்குருவி என்று அழைக்கப்படும் அப்பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது நடு ஆசியாவின் புல்வெளிகளில். குளிர்காலத்தை நம்மோடு கழித்துவிட்டு, பங்குனி சித்திரையில் அவை ஊர் திரும்புகின்றன. பன்னாட்டு விமான நிலையம் ஒன்று நம் வீட்டு வேலியில் இயங்குகிறது. நாமோ அதன் வாயிலில் குப்பைத் தொட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறோம்.

குயிலின் செய்தி இன்னும் சுவையானது. அது வசந்தத்தில் எங்கிருந்தோ வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். ஆண்டு முழுதும் அது இங்கேயேதான் இருக்கிறது. குளிர்ந்த மாதங்களில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை, அவ்வளவே. காகங்கள் கூடு கட்டும் பருவம் நெருங்க நெருங்க அதன் குரல் ஓங்குகிறது, ஏனெனில் அது முட்டையிட வேண்டிய இடம் காக்கைக் கூடு. மேலும், நாம் ‘குயில் பாடுகிறாள்’ என்று மகளிர் குரலுக்கு உவமை சொல்லிப் பழகிவிட்டோம். படிப்படியாகச் சுருதி ஏறும் அந்தக் கூவலுக்கு உரியது கன்னங்கரிய ஆண்பறவை. பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் உடையது. அது எழுப்பும் ஒலி ‘கிக்-கிக்-கிக்’ என்னும் விரைந்த கத்தலே. பல நூற்றாண்டுப் பாராட்டு தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது! இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மரத்தடியில் கால்மணி நேரம் அண்ணாந்து நின்றால் போதும்.

இவ்வாறு நிற்பதற்குச் செலவென்று ஏதுமில்லை. மாலை நடை, மொட்டைமாடித் தொட்டியில் இரண்டு செடி, குளக்கரையில் ஒரு தூண்டில், நாள்காட்டித் தாளின் ஓரத்தில் ‘இன்று வேம்பு பூத்தது’ என்று ஒரு குறிப்பு, இவையே போதும். மா. கிருஷ்ணன் (1912–1996) ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் தாம் மறைந்த 1996 வரை இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதிவந்தார். யானையையும் காட்டெருமையையும் நன்கறிந்த அவர், அணிலையும் காகத்தையும் வீட்டு ஆட்டையும் அதே கருத்தோடு நோக்கினார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967இல் ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய இயேசு சபை அருள்தந்தை மத்தேயு, தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பதிந்து பெருநூலாக்கினார். அவர்களைப் போல் வாழ்நாளையே ஈய நம்மால் இயலாது. ஒரு மாலைப்பொழுதை ஈயலாம் அன்றோ?

ஈயலாம்; ஆனால் ஈய உரிமை உண்டா என்பதுதானே நம் கேள்வி. இங்கே நமக்கு எதிர்வழக்காடுபவர் சாமானியர் அல்லர், புனித அகுஸ்தினார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில், கண்ணின் இச்சையைப் பற்றிப் பேசும்போது, அவர் மிகச் சிறிய காட்சிகளைக் குறிப்பிடுகிறார். வீட்டில் அமர்ந்திருக்கையில் ஒரு பல்லி ஈயைப் பிடிக்கிறது, ஒரு சிலந்தி தன் வலையில் சிக்கியதைச் சுற்றிக் கட்டுகிறது, வயல்வெளியில் ஒரு நாய் முயலைத் துரத்துகிறது. இவை தம் மனத்தைப் பறித்துக்கொள்கின்றன என்று அவர் வருந்துகிறார். அவற்றைக் கண்டபின் படைத்தவரைப் புகழத் தம்மால் இயல்கிறது. ஆனால் தம் கவனம் அங்கிருந்து தொடங்கவில்லையே என்பது அவர் மனக்குறை. சுவர்ப் பல்லியைப் பார்த்ததற்காக மனம் நொந்த ஒரு பேரறிஞர்! இதைப் படித்து நகைப்பது எளிது. நகைக்குமுன், அவர் எதைக் குறை சொல்கிறார் என்று பார்ப்போம்.

அவர் பல்லியைக் குறை சொல்லவில்லை. எதைக் கண்டாலும் அதன் பின்னே ஓடிச் சிதறும் உள்ளத்தையே குறை சொல்கிறார். இதைப் புரிந்துகொள்ள இன்று நமக்கு உரையாசிரியர் தேவையில்லை. கைப்பேசித் திரையைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, ஒரு நிமிடத்தில் ஒரு விபத்தையும் ஒரு நடனத்தையும் ஒரு மரணச் செய்தியையும் ஒரு சமையற்குறிப்பையும் பார்த்து முடிக்கும் நமக்கு, அவர் அஞ்சிய நோய் இன்னதென்று நன்றாகவே தெரியும். அந்த மருத்துவர் சொன்ன நோய் உண்மையே. ஆனால் கால்மணி நேரம் ஒரே கிளையை நோக்கி நிற்பவருக்கும் அந்நோய்தானா? சிதறுவதும் தங்குவதும் ஒன்றாகா. சிதறும் உள்ளம் புதுமையை வேட்கிறது. தங்கும் உள்ளம் நேற்றுப் பார்த்ததையே இன்றும் பார்க்க விரும்புகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் அகுஸ்தினார் நமக்குப் பகைவர் அல்லர், ஒருவகையில் துணைவரே.

வழக்கின் மறுபக்கத்தில் ஓர் அழகிய பழங்கதை உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியான் தம் ‘உரையாடல்கள்’ நூலில் அதைக் கூறுகிறார். முதிய திருத்தூதர் யோவான் ஒரு கௌதாரியைக் கையில் வைத்து மெல்ல வருடிக்கொண்டிருந்தாராம். வில்லேந்தி அவ்வழியே வந்த ஒருவர், இவ்வளவு பெரியவர் இவ்வளவு சிறிய இன்பத்தில் ஈடுபடுவதா என்று வியந்தார். “உம் வில்லை எப்போதும் நாணேற்றியே வைத்திருப்பீரா?” என்று யோவான் கேட்டார். வைத்திருந்தால் வில் தன் விசையை இழந்துவிடும் என்றார் வந்தவர். மனமும் அப்படியே என்றார் யோவான். புனித தோமா அக்குவினாரும் விளையாட்டும் இளைப்பாறலும் மனித மனத்துக்குத் தேவை என்று நிறுவும் இடத்தில் இந்த வில்லின் கதையை எடுத்தாள்கிறார். அளவோடு மகிழ அறிந்திருப்பது ஒரு நற்பண்பு என்றே அவர் கணிக்கிறார்.

கதை இனியது. நம் கட்டுரைக்கு ஒரு கௌதாரியையும் தந்து உதவியது. ஆயினும் இதோடு நம் வழக்கு வென்றுவிட்டதாக நாம் கருதவில்லை. வில்லைத் தளர்த்துவது எதற்காக? மீண்டும் நாணேற்றி அம்பு விடுவதற்காக. அப்படியானால் ஓய்வின் பெருமை முழுதும் வேலையிடமிருந்து கடன் வாங்கியதாகிவிடும். ‘திங்கட்கிழமை நன்றாக உழைப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை குளக்கரைக்குப் போ’ என்று முதலாளியும்கூடச் சொல்வார். இக்காலத்தில் சில நிறுவனங்கள் அதற்கென்று வகுப்பே நடத்துகின்றன. கௌதாரி அங்கே ஒரு மருந்துக் குப்பியாகிவிடுகிறது. யோவான் அப்பறவையை வருடியபோது நாளைய பணியை எண்ணிக்கொண்டா வருடியிருப்பார்?

பயனைக் காட்டி வாதிடும் வேறொரு வழியும் இருக்கிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் இராபர்ட் மார்ஷம் என்னும் நிலக்கிழார் 1736ஆம் ஆண்டு ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் பனித்துளிப்பூ மலர்ந்தது என்று, கருவாலி மரம் தளிர்த்தது என்று, குயிலினம் கூவியது என்று, தகைவிலான் குருவி திரும்பியது என்று, தவளை கத்தியது என்று வசந்தத்தின் 27 அறிகுறிகளை நாள் தவறாமல் குறித்துவைத்தார். அறுபதாண்டுகளுக்குமேல் குறித்து 1797இல் மறைந்தார். மகன், பேரன் எனத் தலைமுறைகள் அப்பழக்கத்தைத் தொடர, 1958 வரை அக்குறிப்பேடு வளர்ந்தது. பின்னர், புவி வெப்பமாவதைப் பற்றிய கவலை எழுந்தபோது, வெம்மைக்கும் தளிர்ப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தோர்க்கு அந்தக் குறிப்பேடு பெரும் புதையலாயிற்று. சப்பானின் கியோத்தோ நகரில் செர்ரி மலர்ந்த நாள்களைப் பற்றிய குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. 2021இல் மார்ச் 26 அன்றே அங்கே மலர்ச்சி முழுமையடைந்தது. அதற்கு முந்தைய ஆயிரத்து இருநூறு ஆண்டுக் குறிப்புகளில் அத்துணை முந்தி மலர்ந்ததாகத் தெரியவில்லை. மலர்விழா கொண்டாடியவர்களின் நாட்குறிப்பு இன்று அறிவியற்சான்று.

வேடிக்கை பார்த்தவர்கள் வென்றுவிட்டார்கள் என்று கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் மார்ஷம் இதற்காகவா குறித்தார்? கரியமில வாயுவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்! அவருடைய ஏடு வெள்ளத்தில் போயிருந்தாலும், எலி தின்றிருந்தாலும், அவர் ஒவ்வொரு வசந்தத்திலும் கருவாலியின் கீழ் நின்ற நேரம் வீணாகியிருக்குமா? ‘ஆகும்’ என்று சொல்பவரோடு நமக்கு வழக்கில்லை; அவர் வேறொரு கணக்கில் வாழ்கிறார். ‘ஆகாது’ என்று உள்ளம் சொல்லுமானால், பயனுக்கு அப்பால் ஏதோ ஒன்று அங்கே நடந்திருக்கிறது என்றுதானே பொருள்? அது என்ன?

‘இலவு காத்த கிளி’ என்ற பழமொழி நாம் அறிந்ததே. இலவங்காய் கனியும், உண்ணலாம் என்று காத்திருந்த கிளி, காய் வெடித்துப் பஞ்சு பறக்கக் கண்டு ஏமாந்தது. வீண் காத்திருப்புக்கு எடுத்துக்காட்டாக அக்கிளியைப் பல காலமாக ஏளனம் செய்துவருகிறோம். கிளி ஏமாந்தது ஏன்? உண்ண வந்ததால். பங்குனி வெயிலில் இலவங்காய் வெடிப்பதைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் அம்மரத்தடியில் காத்திருப்பாரானால் அவர் ஏமாறுவதில்லை. வெண்பஞ்சு காற்றில் ஏறுகிறது. அதன் நடுவே மிளகளவு கருவிதை பயணம் போகிறது. அவர் வந்தது அதற்குத்தான்.

நாம் சொல்ல முயல்வது இதுவே. பகல் முழுதும் நாம் பொருள்களையும் மனிதரையும், நமக்கு இவர் என்ன ஆவார், இதனால் என்ன கிடைக்கும் என்ற கண்ணால் நோக்குகிறோம். அக்கண் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது. அதைப் பழித்துப் பயனில்லை. ஆனால் அந்த ஒரு கண் மட்டுமே உடையவருக்கு உலகம் ஒரு சந்தை. புங்கந்தளிர் நமக்காகத் தளிர்க்கவில்லை. சூறைக்குருவி நம்மைப் பார்க்க வரவில்லை. நமக்கு எதுவும் தரக் கடமைப்படாத ஒன்றின்முன் நின்று, அது இருப்பதற்காகவே மகிழ்வது என்பது மற்றக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் பயிற்சி. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய் (1909–1943) பள்ளிப் பாடத்தில் செலுத்தும் கவனமேகூடச் செபத்துக்கும், துன்புறுவோரை உள்ளபடி காண்பதற்கும் மனத்தைப் பழக்குகிறது என்று எழுதினார். கணக்குப் பாடத்துக்கு அவ்வாற்றல் உண்டென்றால் கல்யாண முருங்கைக்கு இல்லாது போகுமா?

இங்கே ஒரு தடை எழும், எழவும் வேண்டும். பூவை நேசிப்போர் எல்லாரும் மனிதரையும் நேசிக்கிறார்களா? தோட்டத்து உரோசாவின் பெயரெல்லாம் அறிந்து, தோட்டக்காரரின் பெயர் அறியாத வீடுகள் உண்டு. பறவை பார்ப்பதும்கூட, எத்தனை வகை கண்டேன் என்ற எண்ணிக்கைப் போட்டியாகிவிட்டால் அங்கே மீண்டும் சந்தைக் கண்ணே திறக்கிறது. நல்ல படத்துக்காகக் கூட்டை மறைக்கும் இலைகளை விலக்கி, குஞ்சுகளை வெயிலுக்கும் காக்கைக்கும் காட்டிக் கொடுப்போர் உளர். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு, எதிரி வந்துவிட்டதென்று பறவையைப் பதற வைத்து வெளியே இழுப்போரும் உளர். ஆகவே, கவனிக்கப் பழகியவர் நல்லவராகிவிடுவார் என்று நாம் உறுதிமொழி தரவில்லை. பழகாதவருக்கு அது இன்னும் கடினம் என்றே கூறுகிறோம்.

இதனினும் கூரிய தடை ஒன்று உண்டு. பங்குனி வெயிலில் வேலை செய்பவருக்கு ஏது வசந்தம்? புளி உலுக்கும் பருவம் அது. ஆடவர் மரமேறிக் கிளையை உலுக்க, பெண்கள் நிலத்தில் உதிர்ந்ததைப் பொறுக்கி, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை நீக்கி எடைக்கணக்கில் கூலி பெறுகின்றனர். அவர்கள் வியர்வை சிந்தும் அதே மரத்தில் செம்மார்புக் குக்குறுவான் ‘டொங் டொங்’ என்று தட்டுவதை நாம் நின்று சுவைக்கிறோம். இது வசதி படைத்தோரின் விளையாட்டு அன்றி வேறென்ன?

இத்தடையின் பாதி தவறு. பாதி மிகவும் உண்மை. ஏழைக்கு அழகில் நாட்டமில்லை என்பது தவறான பாதி. அது நாம் அவர்மேல் சுமத்தும் அவதூறு. குக்குறுவான், கரிச்சான், வாலாட்டி, தேன்சிட்டு என்ற பெயர்களை இட்டவர்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் அல்லர். ஆடு மேய்த்தவர்களும் பனையேறியவர்களும் வலை வீசியவர்களுமே. எந்த மரத்துப் புளி இனிக்கும், எந்த மரம் முந்திக் காய்க்கும் என்று அந்தப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். நம் நாள்காட்டிக் குறிப்பு நாணித் தலைகுனியும்.

உண்மையான பாதி இது: பார்க்கும் கண் அவர்களுக்கு உண்டு, நிற்கும் நேரம் அவர்கள் கையில் இல்லை. நகரத்துத் துணிக்கடைகளில் பணிபுரியும் இளம்பெண்களை எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்ற நிலை பல காலம் நீடித்தது. பணியாளர் அமர இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது 2021இல்தான். உட்காரவே சட்டம் தேவைப்பட்ட இடத்தில் சன்னல் வழியே வேம்பைப் பார்ப்பது எங்ஙனம்? பல கடைகளில் சன்னலே கிடையாது. தொழிலாளருக்கு ஞாயிறு ஓய்வு உரிமை என்பதைத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டா என்பதை அவரவர் வீட்டுக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம். குற்றம் குளக்கரையில் அமர்ந்திருப்பவரின் ஓய்வில் இல்லை. அவ்வோய்வு ஒரு சிலருக்கே கிடைப்பதில் இருக்கிறது. அதற்குப் பரிகாரம் அவரும் எழுந்து போய்விடுவது அன்று. தாம் துய்க்கும் ஒரு மணி நேரம் எத்துணை இனியது என்று அறிந்தவரே, அது மறுக்கப்பட்டவரின் இழப்பையும் அளந்தறிய முடியும். ஓய்வையே அறியாதவர், பிறர் ஓய்வு கேட்டால் சோம்பல் என்பார்.

தவக்காலத்தில் இதைப் பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4ஆம் நாளுக்கும் மார்ச் 10ஆம் நாளுக்கும் இடையே வருவது. ஆகவே ஆண்டுதோறும் நம் நோன்பு, புங்கமும் வேம்பும் இலையுதிர்த்துத் தளிர்க்கும் அதே வாரங்களில் நிகழ்கிறது. ஆங்கிலேயர் தவக்காலத்துக்கு வழங்கும் சொல்லே ‘வசந்தம்’ எனப் பொருள்பட்ட ஒரு பழஞ்சொல்லிலிருந்து பிறந்ததுதான். பகல் நீளும் காலம் என்ற கருத்து அதனுள் இருக்கிறது. நோன்பில் நாம் துறப்பது உண்பதையும் உடைமை கொள்வதையும். மரத்தைப் பார்ப்பதில் உண்பதும் இல்லை, உடைமையும் இல்லை. கிளியின் நோன்பு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இனி ஒன்று. கவனிப்பவருக்கு மகிழ்ச்சி மட்டுமே கிட்டும் என்று நாம் ஆசை காட்டக்கூடாது. வேம்பு பூத்த நாளைக் குறித்துக்கொண்டு வருபவர், அவ்வேம்பு வெட்டப்பட்ட நாளையும் குறிக்கவேண்டி வரும். மற்றவர்களுக்கு அது சாலை அகலமான நாள். அவருக்கு மட்டுமே அது இழவு. நெடுஞ்சாலைகளை நால்வழியாக்கியபோது இருமருங்கும் நின்ற முதிய புளியமரங்கள் எத்தனையோ வீழ்ந்தன. நிழல் போனது பயணிகள் அனைவருக்கும் தெரியும். பொந்துகளில் குடியிருந்த ஆந்தையும் கிளியும் மைனாவும் எங்கே போயின என்று கேட்கத் தோன்றியவர், முன்னரே அங்கு நின்று பார்த்தவர்கள் மட்டும்தான்.

எஞ்சிய சாலைப் புளியமரங்களின் அடிமரத்தில் வெள்ளைப்பட்டை தீட்டி எண் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆண்டுதோறும் அவற்றின் மகசூலை நெடுஞ்சாலைத் துறையினர் ஏலம் விடுகின்றனர். ஏலம் போன தொகை பதிவேட்டில் ஏறும். அவற்றுள் எந்த எண் மரத்தில் இந்தப் பங்குனியில் குக்குறுவான் துளையிட்டுக் கூடு வைத்திருக்கிறது என்பதை, அடியில் அமர்ந்து ஓடு உடைத்துக்கொண்டிருக்கும் மூதாட்டியிடம்தான் கேட்கவேண்டும்.